வீட்டில் மட்டும் கேட்காத கருவி

ரேடியோ மெக்கானிக்குக்கு ஒரே குழப்பமாக இருந்தது. மகளின் காதுக் கருவி பள்ளிக்கூடத்தில் நன்றாக வேலை செய்கிறது, வீட்டுக்கு வந்தால் செத்துவிடுகிறது. கருவியிலிருந்து காதுக்குள் போகும் குழாயில் ஈரம் கோத்தால் ஒலி உள்ளே போகாது என்று துடைத்துப் பார்த்தார். புது பேட்டரியும் போட்டாயிற்று.

"நீங்க வெளியூர் போயிருந்த வாரம் வீட்டுலயும் நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க கை வெச்சாத்தான் கெட்டுப்போகுது. பெரிய மெக்கானிக்!" என்றாள் மனைவி.

"ஆமாடி, உங்கப்பன் வாங்கிக் குடுத்த மிஷினோட லட்சணம் அது!"

"எங்கப்பாவை ஏன் இழுக்கிறீங்க?"

"இழுத்தா என்னடி பண்ணுவே?"

"கத்தாதீங்க, குழந்தை இருக்கா."

"அவளுக்குத்தான் காது கேக்கலையே!"

சொல்லிவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஒரு கையால் படம் வரைந்துகொண்டிருந்தாள். இன்னொரு கை காதுக்குப் பின்னால் போய், கருவியின் பேட்டரி மூடியை நகத்தால் நெம்பித் திறந்து வைத்திருந்தது.

மூடியைத் திறந்தால் கருவி அணைந்துவிடும், தூங்கும்போது பேட்டரி வீணாகாது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

மறுநாளிலிருந்து அவர் கடையிலேயே படுத்துக்கொண்டார். அதன்பின் கருவி ஒருநாளும் பழுதாகவில்லை.