பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம்

“டாக்டரே, இதைக் கொஞ்சம் பாரு. சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி வெள்ளையா நிக்குது” என்று மார்லிஸ் தன் ஃபோனை என் கையில் திணித்தாள்.

அமெரிக்காவில், டுலூத் நகரத்தில், பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களின் ஓய்வறையில் எனக்கு அப்படித்தான் பெயர். யார் ஃபோன் படுத்தாலும் என்னிடம்தான் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மணி பதினொன்று ஐம்பத்தாறு. இந்த வருஷம் எந்தத் தடத்தில் ஓட்டுவது என்பதைப் பன்னிரண்டுக்குள், வெள்ளையாக நிற்கிற அந்தச் செயலியில்தான் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தவறவிட்டால் மிச்சம் கிடப்பதுதான். அலுவலகத்துக்கு மூன்று முறை அடித்தும் யாரும் எடுக்கவில்லையாம்.

அவளுக்கு வேண்டியது பதினாலாம் தடம். அது முடிகிற இடத்தில்தான் அவள் கணவன் ஹார்லன் இருக்கிற பராமரிப்பு இல்லம். பக்கவாதம் வந்ததிலிருந்து, மத்தியானச் சாப்பாட்டை அவள் ஊட்டினால்தான் அந்த மனுஷன் விழுங்குவான்.

செட்டிங்ஸுக்குள் போனேன். வெப்வியூ அணைந்து கிடந்தது. செயலிகளுக்குள் வலைப்பக்கத்தைக் காட்டுகிற பாகம் அது. ஒரே ஒரு தட்டு, சரியாகிவிடும்.

மார்லிஸ் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

எனக்குக் காது சுட்டது. சட்டென்று அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

“ரீஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்” என்றேன்.

பழைய ஃபோன். அணைந்து, யோசித்து, ஆடி அசைந்து எழுந்தது. அவள் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்த நொடியில் அந்த ஒரு தட்டைத் தட்டினேன்.

செயலி திறந்தது. தடம் தேர்ந்தெடுக்கும் நேரம் முடிந்துவிட்டது என்றது. மணி பன்னிரண்டு ஒன்று.

மார்லிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

“நீ என்ன பண்ணுவ, ஆர்விட்? சனியன் புடிச்ச ஃபோனு.”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

போன வெள்ளிக்கிழமை, சார்ஜ் நிற்க மாட்டேனென்கிறது என்று அவள் வந்தபோது, “இதெல்லாம் நம்மள வேவு பாக்குற சமாச்சாரம்” என்று பெரிய மேதாவி போலச் சொல்லி, அந்த வெப்வியூவை அணைத்தவன் நான்தான்.

யார் அணைத்தது என்று கேட்டுவிடுவாளோ என்ற வெட்கத்தில், ஹார்லனின் சோற்றில் மண்ணைப் போட்டேன்.