ரோசலின் கன்று

“ரோசலின் இருக்காம்மா?” என்று கேட்டார் குறிஞ்சிப்பாடி தைரியராஜ்.

ஆராய்ச்சிப் பண்ணையில் பலாக் கன்றுகள் விற்கும் மோகனப்பிரியா நிமிர்ந்தாள். “அந்தப் பேருல இங்க யாரும் வேலை செய்யலையே.”

“ஆளு இல்லம்மா, பலா. எங்க மரம் புயல்ல சாஞ்சிடுச்சி. அந்த எடத்துல ரோசலின்தான் நடணும்.”

“அப்படி ஒரு ரகமே கெடையாது. எவனோ பேரு வச்சி உங்கள ஏமாத்தியிருக்கான்.”

“அப்ப வரேம்மா.”

அவர் திரும்பியதும் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“நில்லுங்க ஐயா. எங்க மூணாம் நம்பர் பலாவப் பாக்காம போவாதீங்க. சுளை அப்படி இனிக்கும். சிதம்பரத்துலேருந்து ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் ஆயிரம் தோட்டத்துல நிக்குது. எங்க ஆளுங்க பத்து வருஷம் சோதிச்சி வெளியிட்டது. அதோ பாருங்க, தாய் மரம்!”

சுவரில் ஒரு பழைய படம் இருந்தது. மரத்தடியில் லுங்கி கட்டிய இளைஞன் ஒருவன் பலாப்பழத்தைக் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். தைரியராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“லுங்கி கட்டியிருக்கறது நாந்தாம்மா. அன்னிக்கி ஆபீசருங்க ஒட்டுக் கட்ட குச்சி வெட்டிட்டுப் போனாங்க. அது என்னாச்சின்னு அப்பறம் நான் வந்து கேக்கவே இல்ல.”

“அப்ப இந்த மரம்?”

“புயல்ல சாஞ்சதுன்னேனே, அதாம்மா. எம் பொஞ்சாதி ரோசலின் நட்டது, அவ பேருதான் அதுக்கும்.”

மோகனப்பிரியா ஒரு கன்றை எடுத்தாள். அதன் அட்டையில் ‘எண் 3’ என்றிருந்ததைப் பேனாவால் அடிக்கப் போனாள்.

“அடிக்காதம்மா. பக்கத்துல ரோசலின்னு மட்டும் எழுது. அவகிட்ட காட்டணும், ஆயிரம் தோட்டத்துல நிக்கிறாளாம்னு.”