ஏழாம் நம்பர் அறையின் பியூஸ்

"எங்கள் அறையில் மட்டும் ஏன் விளக்கு எரியவில்லை? ஏழு மணிக்குப் பிள்ளைகள் ரேடியோ கேட்க வேண்டும். தலைமையாசிரியையிடம் கெஞ்சி, பள்ளிக்கூடத்துப் புது ரேடியோவைக் கொண்டுவந்திருக்கிறேன்!"

குற்றால அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த சுகிர்தம் டீச்சர், விடுதி மானேஜரிடம் சீறினார். பின்னால் பன்னிரண்டு மாணவிகள். ஆறு மணிக்கு விடுதியின் சொந்த எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மற்ற அறைகளில் எல்லாம் வெளிச்சம் வந்துவிட்டது.

"ஏலே அய்யாத்துரை!" என்று கத்தினார் மானேஜர் முகம்மது மீரான். "ஏழாம் நம்பர் என்னலே ஆச்சு?"

எலக்ட்ரீஷியன் அய்யாத்துரை வந்தான். கையில் பியூஸ் கட்டை.

"நாந்தான் உருவினேன், மொதலாளி."

"எதுக்குலே?"

"நம்ம எஞ்சின்ல வருதது டி.சி. கரண்டு. அதான்..." மாணவிகளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"மத்த ரூமுக்கெல்லாம் என்ன மண்ணெண்ணெயா வருது?"

மாணவிகள் சிரித்தார்கள். டீச்சருக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"இருபது வருஷமாக சயன்ஸ் நடத்துகிறேன். எனக்கே டி.சி.யா?" என்றவர் மாணவிகள் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கொள்ளுங்கள். டி.சி. என்றால் நேர் மின்சாரம். வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஒரே பக்கமாக ஓடும். ஏ.சி. ஊஞ்சல் மாதிரி, விநாடிக்கு ஐம்பது தடவை போய்ப்போய் வரும். பல்பு இரண்டிலும் எரியும். ஆனால் ஏ.சி.க்கென்று செய்த சாமானை டி.சி.யில் மாட்டினால், உள்ளே கம்பிச்சுருள் கருகிவிடும். இதெல்லாம் இவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது, டீச்சர்!" என்றார்கள் மாணவிகள் ஒரே குரலில்.

அய்யாத்துரை தலையைக் குனிந்துகொண்டான்.

"வாயைத் தொறக்கானா பாரு! இன்னொரு புகார் வந்துதுன்னா, ஒன் ஊரு ஆய்க்குடிக்கு பஸ் ஏறிர வேண்டியதுதான். போய் மாட்டுலே!" என்றார் மானேஜர்.

"டீச்சரம்மா மட்டும் மொதல்ல வந்து கதவைத் தொறக்கட்டும்" என்றான் அய்யாத்துரை.

முணுமுணுத்தபடி மாடியேறிய டீச்சர் பூட்டைத் திறந்தார். அய்யாத்துரை வாசலுக்கு வெளியிலேயே நின்று, குரலைத் தாழ்த்தினான்.

"ரேடியோ பிளக்கை உருவிருங்க, டீச்சரம்மா. அது ஏ.சி. ரேடியோ. சுவிட்சும் போட்டே கெடக்கு. எஞ்சினை ஓட்டுததுக்கு முன்னால ஜன்னல் வழியாப் பார்த்தேன். பிள்ளைய முன்னால சொல்ல மனசு வரல."