கரடி முதுகில் ஜிப்

மறுபடியும் சிரிக்கிறார்.

அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். ஹாலில் படம் ஓடுகிறது. அட்டைக் கோட்டை. பஞ்சு மேகம். கயிற்றில் தொங்கிக்கொண்டு பறக்கும் ராஜகுமாரன்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த மாதிரிப் படம் வந்தால், காதில் பூச்சுற்றுகிறான் என்று செய்திக்குத் தாவிவிடும் மனுஷன். இப்போது இரண்டு மாதமாக ஒரு ஞாயிறு மதியம் தப்புவதில்லை.

அறுபது தாண்டியவருக்கு ஒரு ரசனை தானாக முளைக்காது. யாரோ விதை போட்டிருக்கிறார்கள்.

அவளுக்கு மூக்கு வேர்த்தது.

கடிகாரத்தைப் பார்த்துத்தான் படத்தைப் போடுகிறார். நடுவில் எழுந்திருப்பதில்லை. காப்பி ஆறினாலும், வாசலில் ஆள் வந்து மணியடித்தாலும் படத்தை நிறுத்துவதில்லை. பக்கத்தில் போன் குப்புறக் கிடக்கும். திரையில் ஏதாவது கோணலாக நடந்தால் சிரிப்பார். உடனே போன் உறுமும். திருப்பிப் பார்த்து இன்னொரு தடவை சிரிப்பார். வாயெல்லாம் பல்.

அந்த இரண்டாவது சிரிப்பு படத்துக்கானது இல்லை.

யார் அவள்?

இந்த ஞாயிறு, வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

அவர் போனைத் தொடைக்கு அடியில் தள்ளினார்.

அதைப் பார்க்காதவள் போலப் படத்தைப் பார்த்தாள். அரக்கன் வந்தான். ஒரு கொம்பு ஆடியது. ராஜகுமாரன் வாளை ஓங்குவதற்கு முன்பே அரக்கன் செத்து விழுந்தான். எரிச்சலாக இருந்தது. இதில் என்ன இருக்கிறதென்று இந்த மனுஷன் இப்படிக் கிடக்கிறார்?

பிறகு ராஜகுமாரனும் இளவரசியும் கம்பளத்தில் பறந்தார்கள். அவர்களுடைய நிழல் வானத்தில் விழுந்தது.

வானத்தில் நிழல்.

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தொடைக்கடியில் போன் உறுமியது.

இந்த நிழலைப் பற்றி முன்பே கேட்டிருக்கிறாள். இதே சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அம்மா, ஆகாசத்துல நெழல் விழுது, வந்து பாரேன்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு உயிரை வாங்கிய மகள். இவள் மிஷினை விட்டு ஒருநாளும் எழுந்து வந்ததில்லை.

மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போய் நாலு வருஷம். அவள் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று அன்றைக்குச் சொன்னது இவள்தான். அவர் தலையாட்டினார். இன்று வரை ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

கோபம் வந்தது. தன்னை விட்டுவிட்டு அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் போட்டுச் சிரித்திருக்கிறார்கள். கூடவே அழுகையும் வந்தது.

எழுந்து போய்விடலாம். போனால், அடுத்த ஞாயிறு அவர் போனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார்.

உட்கார்ந்தே இருந்தாள்.

காட்டிலிருந்து கரடி வந்தது. இரண்டு காலில் நடந்து வந்து, உறுமிவிட்டு, திரும்பியது.

ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். அந்தக் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"கரடி முதுகுல ஜிப்பு தெரியுது," என்றாள். "அவகிட்ட சொல்லுங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. தட்டுத்தடுமாறி ரிமோட்டைத் தேடி எடுத்துப் படத்தை நிறுத்தினார். ஒரு காலைத் தூக்கியபடி கரடி நின்றது.

"ஏன் நிறுத்துறீங்க? அங்க ஓடிக்கிட்டு இருக்கும்ல."