தம்பி பொண்டாட்டி கேட்ட காகிதம்

"தாத்தா பேர்ல பழைய காகிதம் ஏதாச்சும் பெட்டியில கெடக்குதா அண்ணி?"

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த நாகலெட்சுமியின் கை நின்றது. வந்து முழுசாக ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் மூன்றாம் தடவை கேட்டுவிட்டாள் பூரணி.

பூரணி, தம்பி சோலைமலையின் மனைவி, இந்தியாக்காரி. எண்பத்துமூன்று கலவரத்தில் ஓடி, பிறகு படகேறிய தம்பி இன்றும் தமிழ்நாட்டில் அகதி முகாமில்தான் இருக்கிறான். இங்கே இலங்கைக்கு வந்தால் இந்தியாவுக்குத் திரும்ப விடமாட்டார்களாம். அதனால் மனைவியை அனுப்பியிருக்கிறான். எதற்கு என்று மட்டும் போனில் சொல்லவில்லை.

அதுவும் நேரம் பார்த்து. அடுத்த புதன்கிழமை ஹட்டனில் தேயிலைத் தோட்டத்து லயத்துக்காரர்களுக்கு, குடியிருக்கும் நிலத்துக்கான பத்திரம், காணி உறுதி, கொடுக்கிறார்கள். பட்டியலில் நாகலெட்சுமி பெயரும் இருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த கள்ளத்தோணி என்று ஏசியவர்கள் முன்னால் இனி இந்த நாட்டுக்காரியாக நிமிர்ந்து நடக்கலாம் என்று அவள் பூரித்துப்போயிருந்தாள்.

காகிதமெல்லாம் கறையான் தின்றுவிட்டது என்று பொய் சொன்னாள். பெட்டிச் சாவி இடுப்பில்தான் இருந்தது. பூரணி விடவில்லை. தாத்தா இந்தியாவிலிருந்து எந்த வருஷம் வந்தார் என்று பக்கத்து வீட்டு வேலாயியிடமும் விசாரித்தாளாம். அவள் கொண்டுவந்த பட்டுச்சேலைகூட இப்போது நாகலெட்சுமிக்கு உறுத்தியது. தம்பிமேல் பாசம் இல்லாமல் இல்லை. பயம்தான் அதைவிடப் பெரிதாக இருந்தது.

சாயங்காலம் நாகலெட்சுமி நேராகவே பேசிவிட்டாள்.

"இங்க பாரு பூரணி. மழையிலயும் அட்டைக்கடியிலயும் கெடந்தது நானு. தம்பிக்கு இந்தக் காணியில பங்கு இல்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ."

பூரணி மறுபேச்சுப் பேசாமல் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். நாகலெட்சுமிக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. இவ்வளவு லேசில் யார் விட்டுக்கொடுப்பார்கள்?

"அப்ப எதுக்குத்தான் வந்த?"

பூரணி தலையைக் குனிந்துகொண்டாள். மகள் நர்சிங் முடித்தும், அப்பா வழியில் அவளும் அகதிதான் என்று வேலை கிடைக்கவில்லை. பூர்வீகம் இந்தியாதான் என்று காட்டினால் குடியுரிமை கேட்டுப் பார்க்கலாம் என்று வக்கீல் சொல்கிறார் என்றாள். அக்காவிடம் இதைப் போனில் கேட்க வீட்டுக்காரருக்கு வாய் வரவில்லையாம்.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"நம்ம குடும்பம் இந்த நாட்டு ஆளுங்களே இல்லன்னு நீங்க இதுல ஒரு கையெழுத்துப் போடணும் அண்ணி."