விழாத உண்ணி

பூந்தி என்ற நாய்க்கு அடிவயிற்றில் ஒரு கட்டி. வீட்டுக்காரம்மாவின் கை அந்தப் பக்கம் போனாலே உறுமும். டாக்டர், ஊசி என்றால் அதற்கு அவ்வளவு பயம்.

"ஒண்ணுமில்ல, உங்க ஆளுதான் ஒட்டிக்கிட்டிருக்கான்" என்றது, தன் காதில் இருந்த உண்ணியிடம்.

"எத்தனை நாளா?" என்று உண்ணி கேட்டது, ரத்தம் குடிப்பதை நிறுத்தாமலே.

"மழைக்காலத்துக்கு முன்னாடியிருந்து."

"அப்ப எங்க ஆள் இல்லம்மா. நாங்க கெட்டவங்கதான், ஆனா வயிறு ரொம்பினா எறங்கிடுவோம்."

சொன்னபடியே மறுநாள் அது பொட்டென்று விழுந்தது. பூந்தி வயிற்றை மோந்து பார்த்தது. கட்டி இன்னும் பெருத்திருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரம்மா சீப்போடு வந்தாள். பூந்தி உறுமாமல் மல்லாந்து படுத்தது. வயிற்றில் இறங்கிய சீப்பு ஓரிடத்தில் நின்றது.