வெயிலில் பார்த்த வீடு

உறுதிப் பத்திரம் எழுதும் நாளை மூன்றாவது தடவையாகத் தள்ளிப்போட்டுவிட்டார் வீட்டை விற்கும் கடைக்காரர் திருச்செல்வம்.

முதல் தடவை நாள் சரியில்லை. இரண்டாம் தடவை இடுப்பு வலி. இந்தத் தடவை காரணமே இல்லை. "அடுத்த கிழமை பார்ப்போம் தம்பி" என்று போனை வைத்துவிட்டார்.

"வேற யாரோ கூடக் குடுக்கிறேன்னு சொல்லியிருப்பான். கடைக்காரன் புத்தி," என்றான் அஜந்தன்.

குண்டசாலையில் இரண்டு அறை வீடு. அஜந்தனும் சுகிர்தாவும் கல்யாணமாகி எட்டு வருஷத்துக்குப் பிறகு வாங்கப்போகும் முதல் வீடு. விலைக்கு பேங்க் லோன் கிடைத்துவிட்டது. மற்றதையெல்லாம் சுகிர்தா கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வந்தாள். முத்திரை வரி, பத்திரம் எழுதும் நொத்தாரிசுக்கு, சர்வேயருக்கு, தண்ணீர் மீட்டர் பெயர் மாற்ற, சாமான் ஏற்றும் லொறிக்கு. தாள் நிறைந்து, எழுத்து ஓரத்தில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

"வீடு வாங்க லோன் இருக்கு. வீட்டுக்குள்ள போறதுக்குத்தான் காசில்ல," என்றாள்.

"அதுக்குத்தானே பைக்கை விக்கிறேன்."

அந்த பைக் காலைக் குளிரில் கிளம்பாது. கட்டுகஸ்தோட்டை வாடகை வீட்டு இறக்கத்தில் சுகிர்தா சேலையைச் செருகிக்கொண்டு தினமும் பின்னாலிருந்து தள்ளுவாள். அது உயிர் பெற்று அவனோடு பறந்துவிடும். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடப்பாள். வெயில் ஏறிவிட்டால் மட்டும் ஒரே உதையில் கிளம்பும்.

அதை வாங்க திகனயிலிருந்து இப்ஹாம் வருவதாக இருந்தார். "ஞாயிறு மத்தியானம் வாங்க. காலையில நாங்க கோயிலுக்குப் போயிடுவோம்," என்று சொல்லியிருந்தான் அஜந்தன்.

"எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்டாள் சுகிர்தா.

"ஏதாவது ஒண்ணு. தாளைப் பாரு. ஆயிரம் ரூவா குறைஞ்சாலும் லொறி வராது."

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஹந்தானை மலை மேகத்தில் மறைந்தது. மூன்று கிழமையாக வராத மழை, மொத்தமாக வந்து கொட்டியது. போன் அடித்தது.

"தம்பி, உடனே வாங்க. வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க," என்றார் திருச்செல்வம்.

"மழை கொட்டுதே அண்ணே."

"அதனாலதான் கூப்பிடுறேன்."

"முடிஞ்சுது. வேற ஆளுக்குக் குடுக்கப்போறான்," என்று முணுமுணுத்துக்கொண்டே ஆட்டோ பிடித்தான் அஜந்தன். "அந்தக் காசையும் தாள்ல எழுது."

குண்டசாலை வீட்டில் திருச்செல்வம் சாரத்தை மடித்துக் கட்டி, கையில் பிளாஸ்டிக் பேசினோடு அண்ணாந்து நின்றார். பின்னறையில் இரண்டு இடத்தில் ஒழுகியது. ஒன்று அவசரமாக, மற்றது யோசித்து யோசித்து.

"நான் வாங்கினப்பவும் நல்ல வெயில் தம்பி. முதல் மழைக்கு வீட்டில இருந்த பாத்திரம் பத்தல. போன மாசம் கூரை வேலை பாஸை வச்சு ஓட்டையை அடைச்சேன். நின்னுச்சா இல்லையான்னு மழை வந்தாத்தானே தெரியும்."

"அதுக்காகவா நாளைத் தள்ளிக்கிட்டே போனீங்க?"

"பின்ன? கையெழுத்துப் போட்ட பிறகு ஒழுகினா அது உங்க தண்ணி. இப்ப என் தண்ணி. பாஸ் எவ்வளவு கேக்கிறானோ, அதை விலையில கழிச்சிடுவோம். திங்கக்கிழமை எழுதலாம்."

"அப்ப அந்த இடுப்பு வலி?" என்றாள் சுகிர்தா.

"அது நிஜம். கூரையில ஏறிப் பார்த்தேன்ல."

சுகிர்தா சிரித்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

அஜந்தனின் போன் அடித்தது. இப்ஹாம்.

"அண்ணே, நாளைக்கு மத்தியானம் வரத்தானே?"

அஜந்தன் பேசினைப் பார்த்தான். சுகிர்தாவின் கையிலிருந்த தாளைப் பார்த்தான். அவள் அதை மெல்ல மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மத்தியானம் வேணாம். காலையில ஆறு மணிக்கு வாங்க."

"கோயிலுக்குப் போறேன்னீங்களே?"

"அது இன்னைக்கே முடிஞ்சுது. வரும்போது பைக்கைத் தள்ள ஒரு ஆளையும் கூட்டிட்டு வாங்க. இங்க தள்ளுற ஆளுக்கு நாளையிலிருந்து லீவு."